வேலியோரத்து டாக்வுட்

“நீயா நட்டே, இல்ல தானா முளைச்சுதா?”

மூன்று வருஷத்துக்கு முன்பு கோர்டி ஹால்வர்சன் வேலிக்கு மேல் தலையை நீட்டிக் கேட்டபோது மெர்னாவுக்கு வாய் வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரரே பேசினாலும் அவளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஓடைக்கரையில் தானாக வளரும் டாக்வுட் செடியில் ஒடித்த சிவப்புக் குச்சியை அவள்தான் வேலியோரம் ஊன்றியிருந்தாள். அவள் பேசாததைக் கோர்டி, தானாக முளைத்தது என்று எடுத்துக்கொண்டார்.

இந்த ஜூனில் டாக்வுட் ஆளுயரம். கிளை கொள்ளாமல் வெள்ளைப் பூக்கொத்து. உள்ளே, பூனை மாதிரிக் கத்துகிற சாம்பல் பறவை ஒன்று கூடு கட்டி முட்டையிட்டிருந்தது. அப்போது பார்த்து நகராட்சிக் கடிதம் வந்தது: காட்டுப் புதரை வெள்ளிக்கிழமைக்குள் வெட்டவும். புகார் கொடுத்தவர் பெயர் இல்லை. ஆனால் அன்று சாயங்காலமே கோர்டி ஒரு தட்டு நிறைய, ருபார்ப் என்ற புளிப்புத் தண்டு போட்ட கேக் கொண்டுவந்து கொடுத்தார். அதற்கு மேல் சாட்சி வேண்டுமா? இந்த விஸ்கான்சின் மாநிலத்துக்காரர்கள் முதுகில் குத்தினால் கையோடு பலகாரமும் கொடுப்பார்கள்.

வாங்கிய தட்டை வெறுமனே திருப்பித் தருவதும் அங்கே வழக்கமில்லை. வெள்ளிக்கிழமை காலை மெர்னா அதில் ஓட்ஸ் பிஸ்கட் அடுக்கிக்கொண்டு போனாள். கோர்டியின் வாசலில் அவர் கிறிஸ்துமஸுக்கு அலங்கரித்த பூந்தொட்டி. ஊசியிலைக் கிளைகள் எப்போதோ குப்பைக்குப் போயிருந்தன. அழகுக்குச் செருகிய சிவப்புக் குச்சிகள் மட்டும் இலைவிட்டு நின்றன, சுற்றிலும் பெட்டூனியாப் பூக்கள். மெர்னா குனிந்து பார்த்தாள். ஓர் இலையைக் கிள்ளித் தட்டில் வைத்துக்கொண்டாள்.

வேலியருகே கோர்டியோடு நகராட்சியிலிருந்து வந்த டெஸ் நின்றிருந்தாள்.

“வீட்டுல வெச்ச செடின்னா வெட்ட வேண்டாம். தானா வந்த புதர்னாதான்,” என்றாள் டெஸ்.

“புதரேதாம்மா. இதையெல்லாம் எவன் வீட்டுல வைப்பான்?” என்றார் கோர்டி.

மெர்னா தட்டிலிருந்த இலையை எடுத்து மெல்ல இரண்டாகக் கிழித்தாள். பிரிந்த பாதி விழவில்லை. சிலந்தி நூல் போன்ற வெள்ளை இழைகளில் தொங்கியது. பிறகு தன் செடியில் ஓர் இலை. அதே இழைகள்; இரண்டும் டாக்வுட்தான்.

“முதல் இலை எங்க பறிச்சீங்க?” என்றாள் டெஸ்.

“அவர் வாசல்ல,” என்றாள் மெர்னா. “தினம் தண்ணி ஊத்துறாரே, அந்தத் தொட்டியில.”

“அது கடையில வாங்கினது!” என்றார் கோர்டி.

“இது நான் நட்டது. அன்னிக்குச் சொல்ல வாய் வரல.”

டெஸ் சிரிப்பை அடக்கினாள். “இது புதர்னா ரெண்டு வீட்டுக்கும் நோட்டீஸ் எழுதணும், கோர்டி. இல்லேன்னா புகாரைத் திரும்ப வாங்கிக்குங்க. எது?”

செடிக்குள்ளிருந்து பறவை மியாவ் என்றது. கோர்டி தன் தொட்டியை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். டெஸ்ஸின் எழுதும் அட்டையிலிருந்து புகார்க் காகிதத்தை உருவி, மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். மெர்னாவிடமிருந்து பிஸ்கட் தட்டை வாங்கிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார்.