ஹோசியாவின் வரி

ஹோசியா கேட்ஸை அடக்கம் செய்த மறுநாளிலிருந்து, டெட்ராய்டின் மேற்குப் பக்கத்தில், அவர் மனைவி எர்னஸ்டீனின் வீட்டில் மட்டும் பாடகி டெல்ஃபீன் ட்ரெட்வெல்லின் குரல் கேட்காமல் போயிற்று. இசைத்தட்டு சுழலும். டிரம்ஸும் பியானோவும் வரும். டெல்ஃபீனின் கணவர் ரோஸ்கோ தன் வரியைப் பாடுவார். அடுத்து டெல்ஃபீன் பாடவேண்டிய இடத்தில் வாத்தியங்கள் மட்டும் போய்க்கொண்டிருக்கும். பிறகு ரோஸ்கோ, பதில் கிடைத்துவிட்டவர் மாதிரி, மேலே தொடர்வார். அதே தட்டைப் பக்கத்து வீட்டில் போட்டால் இரண்டு குரலும் சுத்தமாகக் கேட்டன. எர்னஸ்டீன் ஊசியை மாற்றினாள், புதுத் தட்டு வாங்கினாள், ரேடியோவையும் வைத்துப் பார்த்தாள். அவள் வாசற்படிக்கு உள்ளே டெல்ஃபீன் ஊமைதான். அந்த வருஷம் பெட்ரோல் விலை ஏறியது, கார் ஆலையில் ராத்திரி ஷிஃப்டை நிறுத்தினார்கள். தெருவில் அவற்றோடு சேர்த்து இதையும் பேசிக்கொண்டார்கள்.

ட்ரெட்வெல் தம்பதியைத் தெரியாதவர் அந்தப் பக்கத்தில் கிடையாது. பாட்டு எழுதுவதும் அவர்கள் இருவர்தான், பாடுவதும் அவர்கள்தான். புருஷன் பெண்டாட்டி சண்டையை அடுக்களையில் நடக்கிறபடியே எழுதி, பாட்டு முடிவதற்குள் சமாதானமும் செய்துவைத்துவிடுவார்கள். அவர்களுடைய ரசிகர் சங்கம் எர்னஸ்டீன் வீட்டுக் கூடத்தில்தான் கூடியது. மாதத்தின் முதல் ஞாயிறு, தேவாலயத்தில் போட்ட தொப்பியோடு பெண்கள் நேராக வந்துவிடுவார்கள். பொரித்த மீன், பன்றிக் கறி போட்டு வேகவைத்த கீரை, சர்க்கரைவள்ளிக் கிழங்கு வைத்துச் சுட்ட ‘பை’ பலகாரம். சாப்பிட்டு முடிந்ததும் ஆண்கள் ஜன்னல் பக்கமும் பெண்கள் அடுக்களைப் பக்கமும் நிற்பார்கள். ரோஸ்கோ வரியை ஆண்கள் பாடவேண்டும், டெல்ஃபீன் வரியைப் பெண்கள் பாடவேண்டும். பக்கம் மாறி நிற்கிற வழக்கமே இல்லை.

ஹோசியா போன பிறகு நடந்த முதல் கூட்டத்தில், தட்டில் குரல் வராவிட்டால் என்ன, நாங்கள் பாடிவிட்டுப் போகிறோம் என்று பெண்கள் வாயைத் திறந்தார்கள். சத்தம் வரவில்லை. சங்கத்தின் செயலாளர் அர்செல்லா, தேவாலயப் பாடகர் குழுவில் முன்வரிசைக்காரி, மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடினாள். வெளியே போர்டிகோவுக்குப் போய்ப் பாடிப் பார்த்தாள், கணீரென்று வந்தது. உள்ளே வந்தால் நின்றுபோயிற்று. புருஷனோடு எர்னஸ்டீனின் குரலும் செத்துவிட்டது, அதுதான் வீட்டைப் பிடித்துக்கொண்டது என்று முடிவு கட்டினார்கள். போதகரை அழைத்துவந்து ரெக்கார்ட் பிளேயருக்கு எண்ணெய் பூசி ஜெபம் செய்தார்கள். எண்ணெய் உள்ளே இறங்கி, அதைப் பழுது பார்க்க வேண்டியதாயிற்று.

எர்னஸ்டீன் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள். காரணம் அவளுக்கு முதல் நாளே தெரியும். வாயைத் திறக்கவில்லை.

விஷயம் இதுதான். ஹோசியா நகரப் பேருந்து ஓட்டியவர், தேவாலயத்தில் போதகருக்கு உதவும் டீக்கன், நிலைக்கதவில் குனிந்து நுழைகிற உயரம். அவருடைய பாட்டுக் குரலோ புல்லாங்குழல். எர்னஸ்டீனுக்கு ஆண்பிள்ளைக் கட்டைக் குரல். சனிக்கிழமை காலையில் திரையை இழுத்துவிட்டு, அவள் தரையைத் துடைக்க அவர் பாத்திரம் கழுவ, ரோஸ்கோ வரியை அவள் பாடுவாள், டெல்ஃபீன் வரியை அவர் பாடுவார். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். சங்கத்தில் அவரவர் பக்கத்தில் நின்று இரண்டு பேரும் வாயை மட்டும் அசைத்தார்கள். பஸ் டிப்போவில் தெரிந்தால் மானம் போய்விடும் என்று அவர் பயந்தார். "இது நமக்குள்ள இருக்கட்டும், எர்னி" என்பார். அந்த வாக்கைக் காப்பாற்றுவதைத் தவிர அவருக்கென்று செய்ய அவளுக்கு இனி ஒன்றும் மிச்சமில்லை. பிள்ளையும் இல்லை. முதல் ஞாயிறு வந்தால்தான் அந்த வீட்டில் இன்னொரு சாப்பாட்டுத் தட்டு எடுத்து வைக்கவே வேலை வரும்.

இப்படியே சில வருஷங்கள் போயின. பெண்கள் வரி வெறும் வாத்தியமாகப் போக, கூட்டமும் தேய்ந்துகொண்டு வந்தது. அப்போதுதான் ட்ரெட்வெல் தம்பதி ஊருக்குக் கச்சேரிக்கு வருகிறார்கள், ரசிகர்களை நேரில் பார்த்து நன்றி சொல்ல விரும்புகிறார்கள் என்று செய்தி வந்தது. மறுநாளே அர்செல்லா வந்து அடுக்களை மேசையில் உட்கார்ந்தாள்.

"கோவிச்சுக்காதடி. கூட்டத்த எங்க வீட்டுக்கு மாத்தறோம்."

"இந்த ஒரு தடவைதானே?"

"இனிமே அங்கதான். பாடவே முடியாத வீட்டுல எத்தனை நாளைக்கு மீனைத் தின்னுட்டுப் போறது, சொல்லு. டெல்ஃபீன் வந்து வாயத் தொறந்து சத்தம் வரலன்னா, ஊர் சிரிக்காதா?"

எர்னஸ்டீன் மேசைவிரிப்பின் நுனியைச் சுருட்டினாள், பிரித்தாள். இந்த ஞாயிறும் போனால் தனக்கு யாருமே இல்லை. ஹோசியா மன்னிப்பார் என்று நினைத்தாள். மன்னிக்காவிட்டாலும் சரி.

"அது என் வரி இல்ல, அர்செல்லா. அவரோடது" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள்.

அர்செல்லா தோள் குலுங்கச் சிரித்தாள். "அந்த மலை மாதிரி மனுஷனா? காணிக்கைத் தட்ட நீட்டினா பயந்து பர்ஸத் தொறப்போமே, அவரா?"

"ஆமா."

அர்செல்லா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரித்த கண்ணீர் மட்டுமில்லை அது. "நல்லாப் பாடுவாரா?"

"டெல்ஃபீனை விட நல்லா."

"அடிப்பாவி. கூட்டம் இங்கயே நடக்கட்டும். ஆனா அவ வர்றப்ப இதச் சொல்லித் தொலைக்காத."

ஆனால் அர்செல்லாவின் வாயில் எது நின்றிருக்கிறது? ட்ரெட்வெல் தம்பதி எர்னஸ்டீன் வீட்டு வாசலில் காரை விட்டு இறங்குவதற்குள் டெல்ஃபீனுக்குக் கதை முழுக்கத் தெரிந்திருந்தது. தன்னைவிட நன்றாக என்பதும் தெரிந்திருந்தது. அவள் பொரித்த மீனைக் கையால் எடுத்துத் தின்றாள், முள்ளைத் தட்டோரத்தில் வைத்தாள், இன்னும் ஒரு துண்டு கேட்டாள். ரோஸ்கோவுக்கு தட்டு உறைப் படத்தில் இருப்பதைவிட வயதாகியிருந்தது. டிப்போவிலிருந்து ஹோசியாவின் பழைய கூட்டாளிகளும் வந்திருந்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை.

தட்டைப் போட்டதும் ஆண்கள் ஜன்னல் பக்கம் போனார்கள். எர்னஸ்டீன் அடுக்களைப் பக்கம் நின்றவள், கவுனை நீவிவிட்டுக்கொண்டு, கூடத்தைக் கடந்து ரோஸ்கோவின் அருகில் போய் நின்றாள். ரோஸ்கோ நகர்ந்து இடம் விட்டார். அவளுடைய கட்டைக் குரல் அவர் குரலுக்குக் கீழே சரியாகப் போய் உட்கார்ந்தது. டெல்ஃபீனின் வரி வந்தது. எல்லாரும் டெல்ஃபீனைப் பார்த்தார்கள். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நான் எதுக்கு? ஹோசியா பாடட்டும்" என்றாள்.

வாத்தியங்கள் மட்டும் போயின. யாரும் பாடவில்லை, யாருக்கும் எந்தக் குரலும் கேட்கவுமில்லை. சரியான இடத்தில் எர்னஸ்டீன் அடுத்த வரியை எடுத்தாள்.

அதற்குப் பிறகு கூட்டத்தை மாற்றுகிற பேச்சு எழவில்லை. தட்டு போய் கேசட் வந்தது, மீன் விலை இரண்டு மடங்கானது, ரோஸ்கோ காலமானார், அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வெள்ளை உடுத்தி வந்தார்கள். புதிதாகச் சேர்கிற பெண்களிடம் அர்செல்லா, "அந்த இடத்துல வாய மூடிக்கிட்டு நில்லு, அது ஹோசியா வரி" என்று சொல்லிவைப்பாள். அவர்களும் சரி என்று நிற்பார்கள். மற்ற நாட்களில் எர்னஸ்டீன் தனியாகத்தான் இருந்தாள். சனிக்கிழமை காலையில் திரையைத் திறந்துவைத்துத் தரையைத் துடைப்பாள். தன் வரியைப் பாடிவிட்டு, அவர் வரி முடிகிற வரைக்கும் துடைப்பானைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பாள்.