ஜோவிதாவுக்கு மட்டும் கேட்காத குரல்

ஜோவிதா தன் கணவர் டேவிஸின் குரலைக் கடைசியாகக் கேட்டது, அவர் இறப்பதற்கு நான்கு வருடம் முன்பு, ஒரு திங்கட்கிழமை மாலை. இடைப்பட்ட காலத்தில் அவர் பேசாமலும் இல்லை, அவள் செவிடாகவும் இல்லை. குக்கர் விசில், அவள் பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்தின் மணி, விஜயநகர் தெருவில் ரிவர்ஸ் எடுக்கும் கார்களின் சத்தம் எல்லாம் கேட்டன. புருஷன் குரல் மட்டும் கேட்கவில்லை. காது டாக்டர் பரிசோதித்துவிட்டு, குறை ஒன்றும் இல்லை, கொஞ்சம் அழுக்குதான் என்று சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார்.

கல்யாணமான வருடத்திலிருந்தே இருவரும் சர்ச்சில் தமிழ் ஆராதனைக்குச் சேர்ந்து பாடியவர்கள். ஒரு வரி அவர், அடுத்த வரி அவள். ஐம்பதைத் தாண்டியதும் டேவிஸின் குரலில் கரகரப்பு ஏறியது. மேலே போனால் பிசிறடித்தது. அவருக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. பின் பெஞ்சுப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வது ஜோவிதாவுக்குத் தெரிந்தது. அந்த வருடக் கிறிஸ்துமஸுக்கு ஒரே மைக்கில் இருவரும் பாடிப் பதிவு செய்த பாட்டை, மிக்ஸிங் செய்ய, சர்ச்சில் மைக்கெல்லாம் பார்த்துக்கொள்ளும் பையன் கிரணிடம் கொடுத்தார்கள். அவனிடமிருந்த ஏஐ மென்பொருள், முப்பது வருடமாக ஒன்றோடொன்று கலந்து கிடந்த இரண்டு குரல்களையும் ஒரு நிமிடத்தில் பிரித்து, திரையில் மேலும் கீழுமாக இரண்டு கோடாகப் போட்டது. ஸ்கூட்டரை நகர்த்தி வைக்க டேவிஸ் வெளியே போயிருந்தார்.

"கிரண், அவர் குரலைக் கொஞ்சம் கம்மி பண்ணுப்பா," என்றாள் ஜோவிதா.

"கம்மி பண்ணினா பாட்டு காலியாத் தெரியும் ஆன்ட்டி. அங்கிள் குரலை வெச்சே ஏஐ புதுசாப் பாடிக் கொடுக்கும். பிசிறே இருக்காது. போடட்டா?"

அவள் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தாள். "போடு. அவர்கிட்ட சொல்லிடாதே."

திங்கட்கிழமை மாலை டேவிஸ் சோபாவில் உட்கார்ந்து முழுப் பாட்டையும் கேட்டார். மறுபடியும் போடச் சொல்லிக் கேட்டார். அவர் குரல் போலவேதான் இருந்தது. ஆனால் இருபத்தைந்து வயதில்கூட அவர் அப்படிப் பாடியதில்லை.

"நல்லாப் பாடியிருக்கான் ஜோவி," என்றார். "யாரு இவன்?"

அவள் பாட்டை நிறுத்தினாள். அதற்குப் பிறகு அவருடைய உதடுகள் அசைந்தன, சத்தம் வரவில்லை.

விஷயம் தெரிந்ததும் கிரண் பயந்துபோய் அந்தப் பாட்டை அழித்துவிட்டுப் பழைய பதிவைப் போட்டுக் காட்டினான். அதிலும் அவளுக்குத் தன் வரிகள் மட்டுமே கேட்டன. நடுவில் ஃபேன் ஓடும் சத்தம். பக்கத்து வீட்டுக் கன்னடக்காரி சுலோசனா அவளுக்காக மாதேஸ்வரன் மலைக்கு வேண்டிக்கொண்டு போய் வந்தாள். ஒரு நாள் ஜோவிதா அழுதுகொண்டே நடந்ததையெல்லாம் டேவிஸிடம் சொன்னாள். அவர் வெகுநேரம் ஏதோ பேசினார். மன்னித்தாரா, திட்டினாரா என்று தெரியவில்லை. முகம் எப்போதும் போலத்தான் இருந்தது. எழுதிக் காட்டச் சொன்னாள். அவர் தலையசைத்துச் சிரித்துவிட்டு, கைகழுவ எழுந்து போனார்.

அவள் சர்ச்சில் பாடுவதை விட்டாள். அவர் தனியாகப் பாடினார். பிசிறு அப்படியே இருக்கிறது என்று மற்றவர்கள் சொன்னார்கள். அதைக் கேட்க அவள் என்ன வேண்டுமானாலும் கொடுத்திருப்பாள். வீட்டில் அவர் ஆபீஸ் கதைகளை வழக்கம்போலச் சொன்னார், அவள் வழக்கம்போலத் தலையாட்டினாள். அவசரத்துக்கு மதில் மேலாக சுலோசனா கன்னடம் கலந்து குரல் கொடுப்பாள்: "அக்கா, அண்ணா டவல் கேக்கறாரு நோடி!"

நான்காம் வருடம் டேவிஸின் நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் கடைசி நாள் மத்தியானம் அவர் உதடுகள் அசைந்து, நின்று, மறுபடி அசைந்தன. தாகம் என்று நினைத்து, நிற்கும்போதெல்லாம் ஜோவிதா ஒரு ஸ்பூன் தண்ணீர் விட்டாள். அவர் விழுங்கிவிட்டு மறுபடி தொடங்கினார். எல்லாம் முடிந்தபின் நர்ஸ் நிம்மி அவள் தோளைத் தொட்டாள்.

"சார் தண்ணி கேக்கல மேடம். பாடிட்டிருந்தாரு. ஒவ்வொரு வரியா பாடி நிறுத்தி உங்களையே பார்த்தாரு. நீங்க ஏன் பாடல?"

அடக்கம் முடிந்த வாரத்திலிருந்து டேவிஸின் குரல் அந்த வீட்டுச் சமையலறையில் காலைதோறும் பாடுகிறது. பால்காரர் கேட்டார், கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் கேட்டார், போதகர் கேட்டுவிட்டு ஜெபம் செய்து காபி குடித்துப் போனார். ஜோவிதாவுக்குக் கேட்கவில்லை. சுலோசனாதான் தன் வீட்டு வேலையைப் போட்டுவிட்டு வந்து எதிரில் உட்காருகிறாள். தமிழ்ப் பாட்டின் அர்த்தம் அவளுக்குப் பாதிதான் புரியும். எங்கே நிற்கிறது என்பது புரியும். நின்றதும் மேசையைத் தட்டுவாள். ஜோவிதா தன் வரியைப் பாடுவாள். முதலில் முந்தியும் பிந்தியும் போயிற்று. இப்போதெல்லாம் எதிர்வீட்டுக்காரர் காரைத் துடைத்துக்கொண்டே, இரண்டு பேரும் இன்றைக்கு நன்றாகச் சேர்ந்தார்கள் என்று மனைவியிடம் சொல்கிறார்.