தைக்காமல் விட்ட கிழிசல்

என் கத்தரிக்கு அடங்காத துணி தூத்துக்குடி திரேஸ்புரத்தில் கிடையாது. பட்டு, பாலியஸ்டர், கல்யாண கவுன், கோயில் பீடத்து விரிப்பு என்று இருபது வருஷமாக வெட்டித் தைத்திருக்கிறேன். இருந்தும், பழைய டீ-சர்ட்டுகளை வெட்டிப் போர்வை தைக்கப்போகிறேன் என்றதும் என் வீட்டுக்காரர் ஜோன்ஸ் சிரித்தார். அந்தத் துணி இழுத்த பக்கம் போகும், மிஷினில் நெளியும் என்று எனக்கே பாடம் எடுத்தார்.

"அதுக்குத்தான் அடியில ஒட்டு கேன்வாஸ் வச்சுத் தேய்ப்பேன். தையலை எங்கிட்ட விட்டுட்டு நீங்க சங்கு எடுக்கதப் பாருங்க" என்றேன்.

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் சங்குக்குப் போய் மூன்று மாதம் ஆகியிருந்தது.

ஜோன்ஸ் சங்கு குளிக்கிறவர். அவர் கடலுக்கு அடியில் இருக்கும்போது, மேலே வள்ளத்தில் காற்றுக் குழாயையும் இடுப்புக் கயிற்றையும் பிடித்துக்கொண்டிருப்பது என் அண்ணன் மனுவேல். குளிக்கிறவனின் கயிற்றை அவன் மச்சான் பிடிப்பது எங்கள் பக்கத்துப் பழைய வழக்கம். தங்கச்சியின் தாலி அந்தக் கயிற்றில்தான் இருக்கிறது என்று தெரிந்தவன் அசரமாட்டான் அல்லவா? பதினாறு வருஷம் அண்ணன் அசரவே இல்லை. ஒரே ஒரு நாள் தண்ணீர் குடிக்கத் திரும்பினார். அந்த நேரம் பார்த்து, குழாய்க்குக் காற்றடிக்கிற கம்ப்ரசரின் பெல்ட் அறுந்துவிட்டது. கீழே இவர் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்திருக்கிறார். அண்ணன் கவனித்துத் தூக்குவதற்குள் அரை நிமிஷம் போய்விட்டது. காதில் இரத்தம் வடிய வந்தவர் நாலு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தார்.

அன்றோடு அண்ணன் கயிற்றை விட்டுவிட்டார். "தங்கச்சி புருஷனைக் கொல்லப் பாத்தவன் நான்" என்று ஒரே பேச்சு. அண்ணன் மகள் ஸ்டெபி ஊட்டியில் நர்ஸாக இருக்கிறாள். இனிமேல் கடல் முகத்திலேயே விழிக்கமாட்டேன், அங்கேயே போய் இருந்துகொள்கிறேன் என்று டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டது. இவரோ வேறு யார் பிடித்தாலும் தண்ணீருக்குள் இறங்கமாட்டேன் என்று உப்பு லாரிக்கு மூட்டை ஏற்றப் போய்க்கொண்டிருந்தார். அண்ணன் இந்த நினைப்போடு பஸ் ஏறினால் திரும்பி வரமாட்டார். எனக்கு அது நன்றாகத் தெரியும்.

அதனால்தான் போர்வை. ஊட்டிக் குளிருக்கு ஆகும் என்பது வெளியே சொல்லிக்கொண்ட காரணம். உண்மையில், பதினாறு வருஷமாக அவர் பத்திரமாக மேலே தூக்கிய ஆளின் உடுப்புகள் அத்தனையும் அவர் மேல் கிடக்கட்டும் என்று நினைத்தேன்.

ஜோன்ஸ் டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்தார். மாதா திருவிழாவுக்கு அச்சடித்த நீலம், பெயிண்ட் கடை கொடுத்த மஞ்சள், ஏழாம் நம்பர் போட்ட கால்பந்துச் சட்டை, காலர் நைந்த சிமெண்ட் கம்பெனிச் சட்டை. எல்லாவற்றிலும் உப்பு ஏறி, துணி முறுகிப்போயிருந்தது. கடைசியாக ஒரு காவி நிறச் சட்டையை எடுத்து என் கையில் வைத்தார். அன்று போட்டிருந்த சட்டை. அதைத் துவைத்து அவரே மடித்து வைத்திருந்தார், என்னைத் தைக்கக்கூட விடவில்லை.

"இத நடுவுல வையி" என்றார்.

"வேண்டாங்க. அண்ணன் மனசு சங்கடப்படும்."

"நடுவுல வையின்னா வையேன்."

வைத்தேன். ஆறு நாளில் முடித்தேன். முப்பத்தைந்து கட்டங்கள். ஒரு மூலையாவது விலகியிருக்கவேண்டுமே! கொடியில் போட்டுவிட்டு, அவர் வேலையிலிருந்து வரும்வரை நானே நாலு தடவை பார்த்து ரசித்தேன்.

வந்தவர் நடுக் கட்டத்தைத்தான் முதலில் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"கிழிசல் எங்க?"

வலது தோளில் நாலு விரல் அகலத்துக்குக் கிழிசல் இருந்தது. அதை வெட்டித் தள்ளிவிட்டு, வயிற்றுப் பக்கத்து நல்ல துணியை எடுத்திருந்தேன். எந்தத் தையல்காரி கிழிந்த துணியை நடுவில் வைப்பாள்?

"அந்தக் கிழிசலத்தாம்ளா குடுக்கச் சொன்னேன்" என்றார். "அது மச்சான் கை. தோளப் பிடிச்சி என்னய வள்ளத்துக்குள்ள தூக்கிப் போட்ட கை. வாயால சொன்னா, ஆறுதலுக்குச் சொல்லுதேம்பாரு. அதக் கண்ணால பாக்கட்டும்னு வச்சிருந்தேன்."

மூன்று மாதமாக அதைக் கெட்ட ஞாபகம் என்று ஒளித்து வைத்திருக்கிறார் என்றல்லவா நினைத்திருந்தேன்! இருபது வருஷத்தில் முதல் தடவையாக என் கத்தரி மேல் எனக்கே கோபம் வந்தது.

வெட்டுத்துணி வீட்டில் இல்லை. சனிக்கிழமைதோறும் என் கடைக் கழிவெல்லாம் மூட்டையாகப் பொன்னுதுரை அண்ணாச்சியின் விசைப்படகுக்குப் போய்விடும். இன்ஜின் துடைக்கப் பழைய டீ-சர்ட் மாதிரி எதுவும் எண்ணெயை உறிஞ்சாது. அன்று ஞாயிற்றுக்கிழமை. அப்படியே கரைக்கு ஓடினேன்.

"அண்ணாச்சி, நேத்து தந்த மூட்டை எங்கன இருக்கு?"

"என்னளா, குடுத்ததத் திருப்பிக் கேக்க வந்திருக்க? பாதி துடைச்சாச்சே."

"துடைச்சதையும் காட்டுங்க."

மணலில் கொட்டிக் கிளறினேன். கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த சீனித்தாய், தங்கம் எதுவும் தொலைந்துவிட்டதா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். மூட்டையில் இல்லை. படகில் ஏறித் தேடினேன். இன்ஜின் பக்கத்தில், டீசல் வாளிக்குள் சுருண்டு கிடந்தது காவித் துணி. பிழிந்து விரித்தேன். கிழிசல் அப்படியே இருந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். எதற்கு அழுகிறேன் என்று தெரியாமல், அண்ணாச்சி நல்ல துணியாகப் பார்த்து இன்னும் நாலு எடுத்துக்கொடுத்தார்.

சோப்பு போட்டு மூன்று தடவை அலசியும் கறை முழுதாகப் போகவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன். நடுக் கட்டத்தைப் பிரித்து, தோள் துண்டை வைத்து, அடியில் வேறொரு துணி கொடுத்தேன். கிழிசல் மேலும் ஓடாமல் சுற்றிலும் பொடித் தையல் போட்டேன். மூடவில்லை. ஊசி தானாக மூடப் போகிறது, நான் இழுத்துப் பிடித்துக்கொண்டு தைக்கிறேன். என் வாழ்நாளில் அவ்வளவு கஷ்டமான தையல் தைத்ததில்லை.

அண்ணன் கிளம்புவதற்கு முந்தின நாள் சாயந்திரம் இரண்டு பேரும் கொண்டுபோனோம். பெட்டி கட்டிக்கொண்டிருந்தவர், நான் போர்வையைக் கட்டிலில் விரித்ததும் சிரித்துவிட்டார். "ஏளா, இது பெயிண்ட் கடைச் சட்டைல்லா! இது நாம கோல் வாங்குன மேட்ச்!" என்று விரலால் தொட்டுக்கொண்டே வந்தார். நடுவில் வந்ததும் விரல் நின்றது.

"இதையும் வச்சிட்டியாளா?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் ஜோன்ஸ் அண்ணனின் வலது கையைப் பிடித்து, நாலு விரலையும் அந்தக் கிழிசலுக்குள் விட்டார். அளவெடுத்துத் தைத்த உறைபோலச் சரியாக இருந்தது.

"மச்சான், நீங்க பிந்துனத நான் பாக்கல. நான் தண்ணிக்குள்ள கெடந்தேன். நான் பாத்தது இந்தக் கையத்தான். அன்னைக்கு இது இல்லன்னா இந்தச் சட்டையத் துவைக்க நான் ஏது?"

அண்ணன் கையை எடுக்கவில்லை. அப்படியே கட்டிலில் உட்கார்ந்து, சின்னப்பிள்ளை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதார். மூன்று மாதத்து அழுகை. நான் என் பங்குக்கு அழுதேன். ஜோன்ஸ் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று மூக்கை உறிஞ்சினார்.

ரொம்ப நேரம் கழித்து அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "டிக்கெட் எடுத்தாச்சி. பிள்ள கூட ஒரு மாசம் இருந்துட்டு வாரேன். அது வரைக்கும் கயித்த எவன் கையிலயும் குடுத்துராத மாப்பிள."

"ஒரு மாசமா?" என்று எகிறினேன். "ஆயுசுக்கும் போத்துவியன்னு மூணு அடுக்கு வச்சித் தச்சிருக்கேன், ஒரு மாசக் குளிருக்கா?"

சொன்னபடி முப்பதாம் நாள் வந்து இறங்கினார். தூத்துக்குடி வெயிலில் யார் போர்வை போர்த்துவார்கள்? ஆனாலும் அதை வீட்டில் வைக்க அவருக்கு மனமில்லை. எட்டாக மடித்து வள்ளத்தின் பலகையில் போட்டு, அதன்மேல் உட்கார்ந்துதான் இப்போது கயிறு பிடிக்கிறார். கிழிசல் மேலே தெரியும்படி மடிக்க வேண்டும், அதில் மட்டும் கண்டிப்பு. மீன் செதிலும் டீசலும் பட்டு என் முப்பத்தைந்து கட்டமும் கெட்டுப் போகிறது. வேறு யாராவது என் தையலை இந்தப் பாடு படுத்தியிருந்தால் உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். இப்போது வள்ளம் திரும்பும் நேரத்துக்குக் கரையில் போய் நிற்கிறேன். இவர் பத்திரமாகக் கரை இறங்குகிறாரா என்று பார்த்துவிட்டு, போர்வையை வாங்கி உதறிக் கொடுக்கிறேன்.