சுக்கான் யோகராணி கையில்

அது 2006ஆம் ஆண்டுக் கோடை. அடுத்த கிழமை கிரேக்கம்! பாய்ப்படகொன்றை வாடகைக்கு எடுத்து, குடும்பத்தோடு தீவு தீவாகச் சுற்றப் போகிறார்கள். ஒஸ்லோவில் அவர்கள் இருக்கும் ட்வெய்ட்டாவில் பால் வாங்கக் கடைக்குப் போனாலும் யோகராணிக்குக் கால் தரையில் பாவவில்லை. படகோட்டும் சோதனையில் பாஸான ஆள் அவளல்லவா!

கூடவே எழுதிய கணவர் இரத்தினவேல் பெயில். ஆனால் குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாத மனிதர். தானே கப்டன் என்று ஒஸ்லோத் தமிழரிடமெல்லாம் அளந்துவிட்டார். "கிரீசிலை நீர் ஓட்டும். இஞ்சை மட்டும் என்ர மானத்தைக் காப்பாத்தும்" என்று அவர் கெஞ்ச, அவளும் தலையாட்டிவிட்டாள். ஆட்டிய நாளிலிருந்து வயிறு எரிந்தது.

சனிக்கிழமை பழகிப் பார்க்க ஒஸ்லோ பியோர்ட் என்ற கடற்கழியில் சின்னப் பாய்ப்படகொன்றை எடுத்தார்கள். பக்கத்து நகரமான திராமனிலிருந்து இரத்தினவேலின் அண்ணர் ஜெயரத்தினம் வீடியோ கமராவோடு வந்து ஏறினார்.

"எடேய், உண்மையா நீயோ ஓட்டுறாய்?"

"பின்னை ஆர் அண்ணை?" சுக்கானைப் பிடித்தபடி இரத்தினவேல் நெஞ்சை நிமிர்த்தினார். மகள் யதுர்ஷா தாயைப் பார்த்துக் கண்ணை உருட்டினாள்.

காற்று பாயை நிறைத்ததும் படகு பறந்தது. எல்லோரும் சந்தோசத்தில் கூச்சலிட்டார்கள்.

"அம்மா, பெர்ரி!"

நேரே பெரிய பயணிகள் கப்பல். உடனே திருப்ப வேண்டும். திருப்பினால் பாயின் அடித்தடி தலைக்கு நேரே சுழன்று வரும். இரத்தினவேலோ கல்லாய்ச் சமைந்து நின்றார்.

"இஞ்சாருங்கோ... திருப்புங்கோவன்..."

அவர் காதில் ஏறவில்லை. நாலு பேர் முன்னால் புருசனை எப்படி அதட்டுவது? ஒரு கணம் தயங்கினாள். அதற்குமேல் பொறுக்க முடியவில்லை.

"இரத்தினவேல்! விடு! குனி!"

சுக்கானைப் பறித்துத் திருப்பினாள். தடி விர்ரென்று கடந்தது. கப்பல் ஊதிக்கொண்டு பக்கத்தால் போனது. கல்யாணம் கட்டிய நாளிலிருந்து அவள் வாயில் வராத பெயர் அது.

"என்னடா, உன்ர மனிசி பேர் சொல்லிக் கூப்பிடுறா?" ஜெயரத்தினத்தின் கமரா ஓடிக்கொண்டேயிருந்தது.

படகின் தளத்தில் சுருண்டிருந்த இரத்தினவேல் மெல்லத் தலையைத் தூக்கினார். யோகராணி சுக்கானை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். அவர் திருப்பிக் கேட்டால்? கொடுக்கவே மாட்டேன் என்று முடிவெடுத்தாள்.

"அண்ணை, நான் சோதினையிலை பெயில். பாஸ் பண்ணினது இவ," என்றார் அவர். "வடிவா எடுங்கோ. கப்டன் அங்கை நிக்கிறா."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

"கதை பிறகு! கயித்தை இழுங்கோ! அத்தான், கமராவை வைச்சிட்டு நீங்களும் பிடியுங்கோ!"

ஜெயரத்தினம் கமராவை யதுர்ஷாவிடம் கொடுத்துவிட்டு, தம்பிக்குப் பக்கத்தில் குந்திக் கயிற்றைப் பிடித்தார்.