ஊருக்குச் சொல்லு

சபிதாவுக்குக் கணினி நிரல் எழுதத் தெரியாது. சுசீந்திரத்து உரக்கடை ஒன்றில் பத்து வருடமாக வேலை. விவசாயிகள் சொல்வதைப் பொறுமையாகக் கேட்பாள். கேட்டதைச் சுவை குறையாமல் திருப்பிச் சொல்வாள். அதற்காகத்தான் கொட்டாரம் ஊர்க்காரனான ஸ்டெனி, தான் நிரல் எழுதும் 'மடை' குழுவுக்குள் அவளை இழுத்துப் போட்டான்.

மடை ஒரு கைபேசிச் செயலி. கால்வாய்த் தண்ணீர் எந்த ஊர் வரை வந்திருக்கிறது என்று வயல்காரர்களே அதில் பதிவார்கள், மற்றவர்கள் பார்த்துக்கொள்ளலாம். ஓப்பன் சோர்ஸ். அதாவது யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், உள்ளே புகுந்து திருத்தவும் செய்யலாம். வெவ்வேறு ஊர்களிலிருந்து ஏழு பேர் சம்பளமில்லாமல் நிரல் எழுதினார்கள். சபிதா உதவிப் பக்கங்களைத் தமிழில் எழுதினாள்.

கும்பப்பூ என்னும் இரண்டாம் போக நெல்லுக்குத் தண்ணீர் திறந்து இரண்டு வாரம் ஆயிற்று. எண்ணூறு பேர் செயலியை இறக்கியிருந்தார்கள். வந்த பதிவோ ஒன்பது. சிக்னல் கோளாறாக இருக்கும் என்று, அந்த ஏழு பேரில் மூத்தவரான பெங்களூர் முருகதாஸ் நிரலை மூன்று முறை மாற்றினார். ஒன்பது பத்தானது.

"நீங்க எழுதிக்கிட்டு இருங்க. நான் வயலுக்குப் போயிட்டு வாறேன்," என்றாள் சபிதா.

கடைமடையில் இரண்டு ஏக்கர் பயிரிடும் வைகுண்டராஜன் அவளுடைய கடைக்கு வாடிக்கைக்காரர். வரப்பில் நின்றபடியே கேட்டாள்.

"அண்ணாச்சி, தண்ணி வந்ததை இதுல போடுங்க பாப்போம்."

அவர் திரையில் ஊர்ப் பெயரைத் தொட்டார், மடையின் பெயரைத் தொட்டார். கடைசியில் இருந்த பச்சைப் பொத்தானுக்கு வந்ததும் விரல் அப்படியே நின்றது. செயலியை மூடிவிட்டார்.

"ஏன் அண்ணாச்சி?"

"'சமர்ப்பி'ன்னுல்லா போட்டிருக்கு, மக்கா. மனுவத்தான் சமர்ப்பிப்பாவ. அப்போ இது ஆபீசுக்குப் போவும். ஒனக்குத்தான் தண்ணி வந்தாச்சேன்னு மடைய அடச்சிட்டாம்னா?"

மேலும் நான்கு பேரிடம் கேட்டாள். மூன்று பேர் அதையே சொன்னார்கள்.

வைகுண்டராஜனிடம் சம்மதம் வாங்கி, அந்த விரல் நின்ற கதையை, செயலியின் குறைகளைப் பதியும் குழுவின் பிழைப் பட்டியலில் எழுதினாள். வரப்பு, அவருடைய தயக்கம், அவர் பேச்சு எல்லாம் அப்படியே. பத்து நிமிடத்தில் முருகதாஸ், 'இது பிழை அறிக்கை இல்லை, கதை' என்று எழுதி, இனிக் கவனிக்க ஒன்றுமில்லை என்பதுபோல் அந்தப் பதிவை மூடிவிட்டார்.

சபிதாவுக்குச் சுருக்கென்றது. ஆனால் சந்தேகம் வரவில்லை. விரல் நின்றதைக் கண்ணால் பார்த்தவள் அவள். மூடியதைத் திறந்து எழுதினாள்: 'ஆமாம், கதைதான். பிழை இதற்குள்தான் இருக்கிறது. முழுசாகப் படித்துவிட்டு மூடுங்கள்.'

ஸ்டெனி பதறிப்போய் போன் செய்தான். "அக்கா, அவரு பெரிய ஆளாக்கும்!"

"பெரிய ஆளுன்னா படிக்கத் தெரியும்லா?"

முருகதாஸ் படித்தார். மறுநாள் காலை ஒரே கேள்வி வந்தது: 'அப்படியென்றால் என்ன வார்த்தை போடலாம்?'

சபிதா அதையும் வயலில்தான் கேட்டாள். "தண்ணி வந்தா ஊருக்குச் சொல்லுவோம், வேறென்ன?" என்றார் வைகுண்டராஜன். பொத்தான் 'ஊருக்குச் சொல்லு' என்று மாறியது. பதிவுகள் எந்த அலுவலகத்துக்கும் போவதில்லை என்பதை முருகதாஸிடம் உறுதி செய்துகொண்டு, அதையும் கீழே ஒரு வரியாகச் சேர்த்தாள். ஒரே வாரத்தில் முந்நூற்று நாற்பது பதிவுகள்.

குழுவின் அடுத்த இணையக் கூட்டத்தில் திரையில் பங்களிப்பாளர் பட்டியல் ஓடியது. ஏழு பெயர்கள்.

"எம் பேரு எங்க?" என்றாள்.

"அது நிரல் வரியை மட்டும் எண்ணுற மெஷின்," என்று இழுத்தார் முருகதாஸ்.

"மெஷினுக்கு எண்ணத் தெரியல்லைன்னா நீங்க எண்ணுங்க."

யாரோ சிரித்தார்கள். முருகதாஸ் சிரிக்கவில்லை. அங்கேயே தன் கையால் தட்டினார்: சபிதா, கள ஆய்வும் கதையும்.

மாதம் ஒன்று கழித்து அவரே போன் செய்தார். ஆற்றில் வெள்ளம் ஏறினால் எச்சரிக்கும் வசதி ஒன்றைச் சேர்க்கப் போகிறார்களாம். "எங்கேயிருந்து தொடங்கலாம், சபிதா?"

"குழித்துறையில ஆத்தங்கரையில இருக்கப்பட்டவங்கள்ட்ட கேக்கணும். ஞாயித்துக்கிழமை நான் போறேன். அதுவரைக்கும் ஒரு வரிகூட எழுதாண்டாம்."

"சரி," என்றார் முருகதாஸ்.