பத்திலிருந்து நாலு வரை

"ஆறு," என்றார் பெர்னி. சொல்லிவிட்டு மூச்சுக்காக நின்றார்.

ஹேலி மதிய உணவுப் பட்டியலின் பின்பக்கத்தில் ஆறு என்று எழுதி வட்டமிட்டுவிட்டுக் காத்திருந்தாள். முன்பக்கத்தில் அப்பா டிக் அடித்திருந்தது கஸ்டர்ட் ஒன்றுக்குத்தான். அதையும் அவர் சாப்பிடவில்லை.

"ஆறு, 'ஷிப்ட் முடிஞ்சாச்சு'. ஆல்பத்துல வர்றது இல்ல, சிங்கிளா, தனித் தட்டா வந்தது. அதைத் தெளிவா எழுது. ஆல்பத்துல வயலினையெல்லாம் சேத்துக் கெடுத்துட்டானுங்க."

"யாருப்பா இதைப் பாத்து மார்க் போடப்போறா?"

"கார்ல்டன் போடுவான்."

பெர்னி ஹாலோரன் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரை விட்டு அதிகம் வெளியே போகாதவர். டிராக்டர் தொழிற்சாலையில் இருபது வருடம், அதை இழுத்து மூடிய பிறகு பஸ் ஓட்டி இன்னொரு இருபது வருடம். நுரையீரலில் வந்தது எலும்புக்கும் போய்விட்டது. அந்திமப் பராமரிப்பு இல்லத்துக்கு வந்து அன்று எட்டாவது நாள். காலையிலேயே சொல்லிவிட்டார்: "என் சாவுக்குப் பாட்டு நான்தான் எடுத்துக் குடுப்பேன். விட்டா உங்கம்மா சர்ச் ஆர்கன் வாசிக்க விட்டுடுவா." பிடித்த பாட்டுகளில் பத்து. ஜமைக்காவின் துள்ளலிசையான ஸ்காவும், முரட்டு ராக்கான பங்க்கும் மட்டும், வேறெதற்கும் இடமில்லை. ரேடியோவில் சொல்வதுபோலப் பத்தில் தொடங்கி ஒன்றுக்கு வருவதாக ஏற்பாடு.

பத்தாவது, பதினாலு வயதில் கடையிலிருந்து கோட்டுக்குள் மறைத்துக் கொண்டுவந்த ஒரு ஸ்கா பாட்டு. எட்டாவது ஒன்றரை நிமிடப் பங்க். "கிட்டார்ல மூணே மூணு கார்டு. அதுலயும் ஒண்ணு தப்பு. அதுக்கே குடுக்கலாம் எட்டு." ஏழாவதைச் சொல்லும்போது மட்டும் கூரையைப் பார்த்தார். அவரும் கார்ல்டனும் 'கேட் நைன்' என்று ஒரு குழு வைத்திருந்த காலம். அவர் டிரம்ஸ், கார்ல்டன் ஊதியது டிராம்போன். ஒரு நடன அரங்கில் இந்தப் பாட்டை வாசித்துக்கொண்டிருந்தபோது மொட்டைத்தலை நிறவெறிக் கும்பல் ஒன்று கார்ல்டனைக் குறிவைத்து பாட்டில் எறிந்தது. கார்ல்டனின் பெற்றோர் ஜமைக்காவிலிருந்து வந்தவர்கள், அதற்காக. "நாங்க நிறுத்தல. திருப்பித் திருப்பி அதையே பதினோரு நிமிஷம் வாசிச்சோம், போலீஸ் வர்ற வரைக்கும். நிறுத்தியிருந்தா அவனைக் கொன்னிருப்பானுங்க."

ஹேலிக்கு அதுவரை இது தெரியாது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் வெள்ளிக்கிழமைகள்தான். வெள்ளிக்கிழமை என்றால் அப்பா வீட்டில் இருக்க மாட்டார். அவள் பள்ளி நாடகத்தில் நடித்ததும் வெள்ளிக்கிழமை. அவள் பிறந்ததும் வெள்ளிக்கிழமை. அன்றைக்கு அவர் பக்கத்து ஊரான லீமிங்டனில் ஏதோ ஒரு மேடையில் இருந்தார். அம்மா முப்பத்தாறு வருடமாக அதைச் சொல்லிக்கொண்டிருந்தாள், விவாகரத்துக்குப் பிறகும்.

"நாலு, 'மேட்டுல ஏறாத பஸ்'. கடைசி ட்ரிப்புல ஆளே இல்லாம திரும்பி வருவேன் இல்ல, அப்பல்லாம் இதைத்தான் கத்திப் பாடுவேன். ஒரு தடவை பின்னாடி ஒரு கெழவி தூங்கிட்டிருந்திருக்கா. இறங்கும்போது சொல்றா, தம்பி, ரெண்டாவது சரணம் மறந்துட்டியேன்னு."

சிரிக்கப் போய் இருமினார். ஹேலி தண்ணீரை எடுத்து உறிஞ்சுகுழாயை வாயருகே பிடித்தாள்.

"மூணுலேர்ந்துதான் விஷயமே இருக்கு," என்றார்.

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "அப்பா, எல்லிக்கு நீச்சல் கிளாஸ் முடியற நேரம். மிச்ச மூணும் நாளைக்கு."

"அஞ்சு நிமிஷம்தான் ஆகும்."

"நீ ஒரு பாட்டுக்கே கால் மணி நேரம் பேசறே."

"அதுவும் சரிதான்." கண்ணை மூடிக்கொண்டார். "நாளைக்கு வேற பேனா கொண்டா. இது கீறுது."

மகளின் நீச்சல் வகுப்பு ஆறு மணிக்குத்தான் முடியும். அப்போது மணி நாலே முக்கால். ஹேலி வண்டி நிறுத்துமிடத்தில் காருக்குள் உட்கார்ந்து ஒரு பாக்கெட் உருளைக்கிழங்கு வறுவலைத் தின்றாள். ஒன்றாம் நம்பர் எதுவாக இருக்கும் என்று தனக்குத் தெரியும் என அவள் நினைத்தாள். லீமிங்டனில் அந்த இரவு வாசித்த ஏதோ ஒன்றாகத்தான் இருக்கும். அதையும் அப்பா இதே சிரிப்போடு, தெளிவா எழுது என்று சொல்வார். அதை அவள் இன்று கேட்க விரும்பவில்லை. நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம். அவர் படுத்திருந்த அறையின் ஜன்னல் அங்கிருந்து தெரிந்தது. நாற்பது நிமிடம் அப்படியே இருந்துவிட்டு வண்டியை எடுத்தாள்.

மறுநாள் காலை ஏழு பத்துக்கு போன் வந்தது. எல்லியின் மதியச் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்தாள். "சிரமப்படல, தூக்கத்துலயே போயிட்டாரு," என்றாள் நர்ஸ். ஹேலி நன்றி சொன்னாள். பிறகு டப்பாவைத் திறந்து, உள்ளே என்ன வைத்தோம் என்று பார்த்தாள்.

தகனக் கூடத்தில் மூன்று பாட்டுக்குத்தான் நேரம். ஏழு, ஆறு, நாலு என்று கொடுத்தாள். ஆறாவதற்கு சிங்கிளாக வந்ததைத் தேடி எடுக்க இரண்டு நாள் ஆனது. அம்மா மோரின் இரண்டாவது வரிசையில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தாள்.

பிறகு எல்லோரும் தொழிலாளர் கிளப்புக்கு வந்தார்கள். சாண்ட்விச், பன்றி இறைச்சி அடைத்த பலகாரம், பியர். கார்ல்டன் அவளைத் தேடி வந்தார். கறுப்பு சூட்டு, வெள்ளை சாக்ஸ், கையில் குறுகிய விளிம்புள்ள தொப்பி. தபால் இலாகாவில் இருந்து ஓய்வுபெற்றவர்; முதுகு இன்னமும் பையைச் சுமப்பதுபோல ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

"சிங்கிளைத்தான் போட்டே. கவனிச்சேன்."

"நீங்க மார்க் போடுவீங்கன்னு அப்பா சொன்னாரு, அங்கிள்."

"லிஸ்ட் எழுதினியாமே. காட்டு."

அவள் கைப்பையிலிருந்து தாளை எடுத்துக் கொடுத்தாள். கார்ல்டன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழே, ஒவ்வொரு வரிக்கும் தலையை ஆட்டிக்கொண்டு படித்தார்.

"நாலோட நிக்குதே."

"ஆமா."

"மிச்சம்?"

"வாயால சொன்னாரு. எழுத நேரமில்ல."

"ஒண்ணு எதைச் சொன்னான்?"

அவளைப் பார்க்காமல், தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்துக்கொண்டு கேட்டார். மடித்ததை மறுபடி கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார். கேட் நைன் ஒரே ஒரு இசைத்தட்டு போட்டது, 'மழைக்கோட்டு' என்று; பேச்சில் அடிபட்டு ஹேலிக்கு அந்தப் பெயர் மட்டும் தெரியும். ஐந்நூறு பிரதியில் பாதிக்கு மேல் கார்ல்டனின் அம்மா வீட்டுக் கரிக் கொட்டகையில் கிடந்து வளைந்துபோனது. பத்திலிருந்து நாலு வரை அந்தப் பெயர் இல்லை.

"'மழைக்கோட்டு'," என்றாள் ஹேலி.

கார்ல்டன் தாளை அவளிடம் திருப்பிக் கொடுத்தார். பக்கத்தில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்ல," என்றார் பிறகு. "அந்த ரெக்கார்டுப் பேச்சை எடுத்தாலே பந்து விளையாட்டுக்கு மாத்திடுவான். ரெண்டு எடத்துல நான் சொதப்பியிருப்பேன். அதனாலதான்னு நெனச்சுட்டிருந்தேன். முப்பத்தேழு வருஷமா."

ஹேலி வாயைத் திறந்தாள். அதற்குள் அவர் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு நண்பர்கள் நின்ற மேசைக்குப் போய்விட்டார். அங்கே அவர் சொல்வதும், ஒருவர் அவர் தோளில் அடிப்பதும் தெரிந்தது.

மோரின் தட்டோடு வந்து நின்றாள். "நெசமாவே அதையா சொன்னாரு?"

"ஏம்மா?"

"வீட்டுல இருந்த ரெக்கார்டை நான்தான் ஒடச்சேன்." மோரின் தட்டில் இருந்த பலகாரத்தின் ஓரத்தை முள்கரண்டியால் நொறுக்கினாள். "உன்னைத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிலேர்ந்து வந்த அன்னிக்கு. முழங்கால்ல வச்சு ஒடச்சேன். அவரு பாத்துட்டுதான் இருந்தாரு. ஒண்ணும் சொல்லல. வெளக்குமாறு எடுத்துட்டு வந்து பெருக்கினாரு. அப்புறம் வேற ஒண்ணு வீட்டுக்குக் கொண்டு வரவே இல்ல. அதான் அவருக்கு ஒண்ணாம் நம்பர்னு தெரிஞ்சிருந்தா..."

மோரின் நொறுங்கிய துண்டுகளைத் தட்டின் ஓரத்தில் கூட்டி வைத்தாள்.

இல்லம்மா, எனக்கே தெரியாது, நான் கேக்காம எழுந்து வந்துட்டேன் என்று சொல்லியிருக்கலாம். நாலடி தள்ளி கார்ல்டன் நின்றுகொண்டிருந்தார். சட்டைப் பொத்தானைத் திறந்துவிட்டு, இருபது வயது குறைந்தவர்போலச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"சாப்பிடும்மா. காலைலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல நீ," என்றாள்.

யாரோ போனில் அந்தப் பாட்டைக் கண்டுபிடித்து ஒலிபெருக்கியில் இணைத்தார்கள். ஹேலி அதைக் கேட்பது அதுதான் முதல் தடவை. பதிவு மோசம். தொடக்கத்தில் ஒரு பையன் குரல், ஒண்ணு ரெண்டு மூணு நாலு என்று எண்ணியது. அது அப்பாவின் குரல் என்று புரிவதற்குள் டிரம்ஸ் தொடங்கிவிட்டது. டிராம்போன் இரண்டு இடத்தில் சறுக்கியது. இரண்டு தடவையும் கூட்டம் கார்ல்டனைப் பார்த்து ஊளையிட்டது. அறுபது தாண்டிய ஆண்கள் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, முழங்காலை உயர்த்தி, முழங்கையை வீசி, நின்ற இடத்திலேயே ஓடுவதுபோல ஆடினார்கள். மோரின் தட்டைப் பிடித்தபடி சுவரோரம் நின்றாள்.

ஹேலி மது மேடைக்குப் பின்னால் போய் மிச்ச சாண்ட்விச்சுகளை மூடத் தொடங்கினாள். பலகைத் தரை அதிர்ந்ததில், அலமாரியில் கவிழ்த்திருந்த கண்ணாடிக் குவளைகள் ஒன்றையொன்று மெல்லத் தொட்டு ஒலித்தன. ஓரத்தில் இருந்த ஒன்று கொஞ்சம் கொஞ்சமாக விளிம்புக்கு நகர்ந்து வந்தது. அவள் அதன்மேல் உள்ளங்கையை வைத்து, பாட்டு முடியும்வரை பிடித்துக்கொண்டாள்.