கண் மருத்துவமனைப் படிவத்தில் ஒரு வரி

ஒரு கண் மருத்துவமனையின் இணையப் படிவத்தில் தொலைபேசி எண்ணைத் தப்பாகப் போட்டவர்களுக்கெல்லாம், "கண்ணு தெரியலையா? ஒழுங்கா நம்பரைப் போடு" என்று பதில் வந்துகொண்டிருந்தது. கண் தெரியாமல்தானே ஐயா அங்கே வருகிறார்கள்!

எழுதிய புண்ணியவான் சுருட்டை. தலைமுடியால் வந்த பெயர். மருத்துவமனைக்குப் படிவம் செய்துகொடுத்து, தொலைபேசி அழைப்புகளையும் கவனித்த அந்த அலுவலகத்தில் அவனுடைய சொந்தப் பெயர் யாருக்கும் நினைவில்லை. சோதனை நேரத்தில் விளையாட்டாக எழுதினான், பிறகு யோக்கியமாகத் திருத்தியும் விட்டான். ஆனால் திருத்தியது, நிரலை மொத்தமாகக் கட்டி வைத்த ஜாவா பொட்டலத்துக்குள் இருந்த கோப்பை. சர்வரில் வெளியே தனியாக ஒரு கோப்பு கிடந்தால் நிரல் அதைத்தான் முதலில் படிக்கும். ஒரு வார்த்தையை மாற்ற மொத்தத்தையும் கட்டி ஏற்ற வேண்டாமே என்று அவனே செய்த ஏற்பாடு. அந்த வெளிக்கோப்பில் பழைய வரியே கிடந்தது; கடைக்குள் விலையை மாற்றிவிட்டு வாசல் பலகையை அப்படியே விட்ட கணக்குத்தான்.

நோயாளிகளின் அழைப்பை எடுக்கும் அக்கா மேனேஜரிடம் புகார் சொன்னபோது, அடுத்த இருக்கையிலிருந்த சுருட்டைக்கு விஷயம் புரிந்துவிட்டது. மேனேஜர் படிவத்தைத் திறப்பதற்குள் வெளிக்கோப்பில் அந்த வரியை மாற்றிவிட்டான். சர்வரை நிறுத்தித் தொடங்கக்கூட வேண்டாம்; கோப்பு மாறினால் நிரலே மறுபடி படித்துக்கொள்ளும். அதுவும் அவன் கைங்கரியம்தான்.

மேனேஜர் ஒரு தப்பான எண்ணைத் தட்டினார். "சரியான தொலைபேசி எண்ணை உள்ளிடவும்" என்றது திரை, பச்சைக் குழந்தை மாதிரி.

"எங்கம்மா இருக்கு நீங்க சொன்னது?"

"இருந்துச்சு சார். ஆளாளுக்குப் போன்ல படிச்சுக் காட்டுறாங்க."

"ஆஸ்பத்திரியிலிருந்து என்ன சொல்றாங்க தெரியுமா? உங்க ஆளுங்க நோயாளிகளைத் திட்டுறாங்கன்னு. நீங்க வாயை விட்டுட்டு மெஷின் தலையில கட்டுறீங்களா? சாயங்காலத்தோட சீட்டைக் காலி பண்ணிடுங்க."

யாருக்கும் நஷ்டமில்லாமல் காதும் காதும் வைத்தாற்போல் முடித்துவிட்டோம் என்று நினைத்தவனுக்கு முகத்தில் ஈயாடவில்லை.

அக்கா திரும்பி வந்து இழுப்பறையைத் திறந்தாள். கைக்குட்டை, தைலம், பாதி தின்ற பிஸ்கட் பொட்டலம்.

"ஏன்டா சுருட்டை, அத்தனை பேருமா பொய் சொல்லுவாங்க? இல்ல, என் காதுதான் ரிப்பேரா?"

"உன் காது நல்லாத்தான்க்கா இருக்கு" என்றான். எழுந்து நேரே மேனேஜர் அறைக்குப் போனான்.

"சார், அந்த வரியை எழுதினது நான்தான். இப்பத்தான் மாத்தினேன்."

"அக்காவுக்காகப் பழியைத் தூக்கிச் சுமக்க வந்துட்டியா? பெரிய தியாகி! என் கண்ணால பார்த்தேன்டா."

உண்மைக்கு இவ்வளவுதான் மதிப்பா என்று சுருட்டை திகைத்தான். பிறகு அவர் மேசையிலேயே மடிக்கணினியை விரித்து, அவர் பார்க்கப் பார்க்க, கோப்பில் பழைய வரியைத் திரும்பப் போட்டான்.

"இப்பத் தட்டுங்க சார்."

தட்டினார். கண்ணு தெரியலையா என்று திரை அவரையே கேட்டது. சிவந்துபோனார். "அடப்பாவி! எடுடா அதை முதல்ல!" என்று கத்திவிட்டு, கதவைத் திறந்து, "அம்மா, நீங்க எங்கயும் போக வேண்டாம்" என்றார்.

சுருட்டை அவசரமாக வரியை மாற்றினான். அதற்குள் வெளியே தொலைபேசி அடித்தது. எடுத்துக் கேட்ட அக்கா, அறை வாசலில் நின்றவனை ஏற இறங்கப் பார்த்தாள். நடந்தது அவள் காதிலும் விழுந்திருந்தது. ரிசீவரை நீட்டினாள்.

"இந்தா. இப்ப நீ பழைய வரியைப் போட்ட நேரத்துல திட்டு வாங்கினவங்க. நீயே பேசு."

ஒரு வயதான அம்மாவின் குரல். "கோவிச்சுக்காதப்பா. பார்த்துப் பார்த்துத்தான் போட்டேன். கண்ணாடி போட்டும் மங்கலாத்தான் தெரியுது. தப்பு என்மேலதான்."

அவர் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

"உங்க மேல தப்பில்லம்மா, நான் எழுதினதுதான் தப்பு" என்றான். "நம்பரைச் சொல்லுங்க. நானே போடுறேன்."

அந்த அம்மா ஒவ்வோர் எண்ணாக, அவனுக்குச் சிரமம் கொடுக்கக்கூடாதே என்று, மிக மெதுவாகச் சொல்லத் தொடங்கினார்.